கிழக்கு லண்டனில் காய்ச்சலும் ஆஸ்பத்திரிக் கதவும், 1837–1901: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விக்டோரியா ராணி காலத்து லண்டன் என்றதும் காலரா, தெருப் பம்பு, டாக்டர் ஜான் ஸ்நோ என்று மூன்று சொல்லில் கதையை முடித்துவிடுகிறோம். படுத்தவர்களை யார் சேர்த்துக்கொண்டார்கள், யார் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. அப்படிக் கேட்ட சிலருக்குச் சொன்ன பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எந்தப் பகுதியைப் பற்றிப் பேசுகிறோம்?

லண்டனின் பழைய நகர மதிலுக்குக் கிழக்கே, தேம்ஸின் வடகரை. வொயிட்சாப்பல், ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ், பெத்னல் கிரீன், ஸ்டெப்னி, லைம்ஹவுஸ், பாப்லர், சற்று வடக்கே ஹாக்னி. கப்பல்துறைக் கூலிகள், பட்டு நெசவு நொடித்துப்போன குடும்பங்கள், பஞ்சம் பிழைக்க வந்த அயர்லாந்துக்காரர்கள், 1880-களிலிருந்து ரஷ்யப் பேரரசை விட்டு ஓடிவந்த யூதத் தையல்காரர்கள் எல்லாரும் நெருக்கியடித்துக் கிடந்த இடம். ஒரே அறையில் ஒரு குடும்பம் சமைத்து, தைத்து, தூங்கியது. அந்த அறையில் ஒருவருக்கு அம்மை கண்டால் மற்றவர்கள் ஒதுங்க மூலை கிடையாது.

வொயிட்சாப்பலிலேயே பெரிய ஆஸ்பத்திரி இருந்ததே, நேராகப் போய்ச் சேர்ந்திருக்கலாமே?

இருந்தது. லண்டன் ஆஸ்பத்திரி 1740-ல் தொடங்கி 1757-ல் வொயிட்சாப்பல் சாலைக்கு வந்தது. ஆனால் அதை நடத்தியது அரசு இல்லை, தர்மப் பணம். அன்றைய பெரிய ஆஸ்பத்திரிகளில் பல இப்படி நன்கொடையில் ஓடியவை. ஆண்டுச் சந்தா கட்டும் கனவான்களுக்கு இத்தனை நோயாளிகளைச் சிபாரிசு செய்யலாம் என்று உரிமை உண்டு. அவர் எழுதிக் கொடுக்கும் சீட்டைக் கொண்டுவந்தால்தான் உள்ளே படுக்கை. கால் முறிந்தோ, எந்திரத்தில் கை சிக்கியோ வந்தவர்களுக்குச் சீட்டு கேட்க மாட்டார்கள். கப்பல்துறை பக்கத்திலேயே இருந்ததால் வொயிட்சாப்பலில் அப்படி வருகிறவர்கள் ஏராளம். காய்ச்சல்காரனுக்கு அந்தச் சலுகை இல்லை.

சீட்டு முறை எவ்வளவு கொடுமையானது என்பதற்கு ஒரு சம்பவத்தைச் சொல்வார்கள். 1827-ல் வில்லியம் மார்ஸ்டன் என்ற அறுவை மருத்துவர் ஹோல்பர்னில் ஒரு தேவாலயப் படிக்கட்டில் சாகக் கிடந்த இளம்பெண்ணைக் கண்டார். சீட்டு இல்லாததால் எந்த ஆஸ்பத்திரியும் அவளை எடுக்கவில்லை. மறு ஆண்டே, சீட்டே கேட்காத ஒரு இலவச ஆஸ்பத்திரியை அவர் ஆரம்பித்தார். இன்றைய ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரிக்கு அதுதான் மூலம். ஆனால் அது கிழக்கு லண்டனில் இல்லை.

சீட்டு இருந்தாலும் தொற்றுநோய் என்றால் மறுத்தார்களாமே?

பெரும்பாலும் ஆம். பெரியம்மைக்காரரைச் சேர்ப்பதில்லை என்று பல ஆஸ்பத்திரிகள் விதியாகவே எழுதி வைத்திருந்தன. ஒரு அம்மை நோயாளி அறுவைச் சிகிச்சை வார்டுக்குள் வந்தால் என்ன ஆகும் என்று அவர்கள் பயந்ததில் நியாயம் இருக்கிறது. செத்தவர் கணக்கு ஏறினால் சந்தாதாரர்கள் கைவிட்டுவிடுவார்களே என்ற பயமும் கூடவே இருந்தது. லண்டன் ஆஸ்பத்திரி போன்ற சில இடங்களில் மட்டும் சில வகைக் காய்ச்சல்காரர்களை எடுத்துக்கொண்டார்கள்.

1852 பிப்ரவரி 14-ல் பத்துப் படுக்கையோடு கிரேட் ஆர்மண்ட் தெருவில் குழந்தைகளுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி திறந்தபோதும் கதை இதேதான். 2 வயதுக்குக் கீழே இருந்தால் பொதுவாக உள்ளே படுக்க வைக்க மாட்டார்கள். தொற்றுநோய் என்று வாசலில் தெரிந்தால் திருப்பி அனுப்புவார்கள். வேறெதற்கோ சேர்ந்த குழந்தைக்கு வார்டிலேயே தட்டம்மையோ, தொண்டை புண்ணாகி உடம்பு சிவக்கும் ஸ்கார்லெட் காய்ச்சலோ வெடிப்பது மட்டும் நிற்கவே இல்லை. வாசலில் காவல் வைத்தாலும் கிருமி வெளிநோயாளிக் கூடத்தில் மடியோடு மடி உரசி உட்கார்ந்திருந்தது.

அப்படியானால் காய்ச்சல்காரர்கள் எங்கே போனார்கள்?

பெரும்பாலோர் எங்கேயும் போகவில்லை. வீட்டிலேயே கிடந்தார்கள். தேறினார்கள், அல்லது இறந்தார்கள்.

போனவர்களுக்கு மூன்று வழி. ஒன்று, லண்டன் காய்ச்சல் ஆஸ்பத்திரி. 1802-ல் தொடங்கிய இது கிங்ஸ் கிராஸில் இருந்தது. ரயில் கம்பெனி அந்த இடத்தை எடுத்துக்கொள்ளவே 1840-களின் கடைசியில் இஸ்லிங்டனில் லிவர்பூல் சாலைக்கு மாறியது. இரண்டு, பெரியம்மைக்கென்றே இருந்த தனி ஆஸ்பத்திரி. அதையும் அதே ரயில்தான் ஹைகேட்டுக்குத் துரத்தியது. மூன்று, ஏழைகள் விடுதியான ஒர்க்ஹவுஸின் நோயாளிக் கூடம். அங்கே செவிலியர் என்றால் பல இடங்களில் அதே விடுதியில் தங்கிய கிழவிகள்தான்.

இந்த மூன்றில் முதலாவதற்குப் பெருமைகளும் உண்டு, ஆபத்துகளும் உண்டு. வில்லியம் ஜென்னர் 1840-களின் கடைசியில் அங்கே உட்கார்ந்துதான் டைபஸும் டைபாய்டும் இரண்டு வேறு நோய்கள் என்று நோயாளி நோயாளியாகக் குறிப்பெடுத்துக் காட்டினார். சார்லஸ் மர்ச்சிசன் அங்கே வேலை பார்த்துக் காய்ச்சல்களைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். இரண்டு முறை டைபஸில் விழுந்து எழுந்த மனிதர் அவர்.

பழைய பதிவேட்டில் வெறுமனே 'காய்ச்சல்' என்று போட்டிருக்கிறது. அது என்ன நோய்?

இது நல்ல கேள்வி, ஆனால் ஒரே பதிலாகச் சொல்ல முடியாத கேள்வி. டைபஸ், டைபாய்டு, திரும்பத் திரும்ப வரும் மறுகாய்ச்சல், இன்னதென்று தெரியாத நீடித்த காய்ச்சல் என எல்லாம் அதற்குள் அடங்கும். இங்கிலாந்தின் இறப்புப் புள்ளிவிவரத்தில் டைபஸையும் டைபாய்டையும் தனித்தனியாக எண்ணத் தொடங்கியதே 1869-லிருந்துதான். அதற்கு முந்தைய 'டைபஸ்' எண்களை இன்றைய பொருளில் எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவீர்கள்.

பெயர் ஒன்றுபோல் ஒலித்தாலும் வழி வேறு. டைபாய்டு குடிநீரிலும் பாலிலும் சாக்கடைக் கலப்பிலும் வரும், மாளிகையையும் விடாது. டைபஸ் உடுப்புப் பேனால் பரவுவது. இதை 1909-ல் சார்லஸ் நிக்கோல் கண்டுபிடிக்கும் வரை யாருக்கும் தெரியாது. ஆனாலும் அன்றைய மருத்துவர்கள் அதைப் 'பஞ்சக் காய்ச்சல்' என்றும் 'சிறைக் காய்ச்சல்' என்றும் அழைத்ததைப் பாருங்கள்: மாற்றுத் துணி இல்லாதவன், குளிருக்கு அடகுக் கடையிலிருந்து பழைய கோட்டு மீட்டவன், ஒரே போர்வைக்குள் ஐந்து பேராகப் படுத்தவன். காரணம் தெரியாமலேயே யாருக்கு வரும் என்பதைச் சரியாகப் பிடித்துவிட்டார்கள். 1860-களில் லண்டனைப் பிடித்து ஆட்டிய டைபஸ், நூற்றாண்டு முடிவதற்குள் அந்த நகரில் அரிதாகிவிட்டது. சலவையும் சோப்பும் பருத்தித் துணியும் மலிந்ததற்கு இதில் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

1866 காலராவில் கிழக்கு லண்டன் மட்டும் ஏன் அப்படி அடிவாங்கியது?

அதற்கு முன் மூன்று முறை காலரா லண்டனுக்கு வந்திருந்தது. 1848-49-ல் சுமார் 14,000 பேர், 1853-54-ல் 10,000-க்கும் மேல் இறந்தார்கள். 1866-ல் நகரம் கொஞ்சம் தைரியமாக இருந்தது. பொறியாளர் ஜோசப் பேசல்கெட்டின் மாபெரும் கழிவுநீர்க் கால்வாய்கள் பெரும்பாலும் முடிந்திருந்தன. முடியாதது ஒரே ஒரு பகுதி: கிழக்கு. அங்கிருந்து கழிவை மேலேற்றித் தள்ள வேண்டிய ஆபி மில்ஸ் இறைப்பு நிலையம் 1868-ல்தான் திறந்தது.

ஜூன் கடைசியில் பாப்லருக்கு அருகே பிராம்லியில் ஒரு தொழிலாளியும் அவர் மனைவியும் ஒரே நாளில் காலராவில் இறந்தார்கள். அவர்கள் வீட்டுக் கழிவு லீ ஆற்றில் விழுந்தது. அந்த ஆற்றங்கரையில், சற்று மேலே, ஓல்ட் ஃபோர்டில் கிழக்கு லண்டன் தண்ணீர்க் கம்பெனியின் நீர்த்தேக்கங்கள். ஜூலை நடுவில் சாவு ஏறத் தொடங்கி, ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரே வாரத்தில் லண்டனில் 1,000 பேருக்கு மேல் போனார்கள். அதில் பெரும்பங்கு கிழக்கில்.

வாராவாரம் இறப்புக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தவர் வில்லியம் ஃபார். ஒரு காலத்தில் கெட்ட காற்றுதான் காலராவுக்குக் காரணம் என்று நம்பியவர். காலரா தண்ணீரில்தான் பரவுகிறது என்று ஸ்நோ சொன்னதை ஏற்காமல் இழுத்தவர். ஸ்நோ 1858-லேயே இறந்துவிட்டார். இப்போது ஃபார், சாவு எந்த எந்தத் தெருக்களில் விழுகிறது என்பதை எந்தக் கம்பெனியின் தண்ணீர் எங்கே போகிறது என்பதோடு ஒட்டிப் பார்த்தார். இரண்டும் பொருந்தின. கம்பெனியின் பொறியாளர் வடிகட்டாத தண்ணீர் ஒரு சொட்டுகூட விடவில்லை என்று பத்திரிகைக்கே கடிதம் எழுதினார். வீட்டுக் குழாய்களில் விலாங்கு மீன் வந்த கதையை மக்கள் சொன்னார்கள். மணல் வடிகட்டியைத் தாண்டி விலாங்கு எப்படி நீந்தி வரும்? பின்னால் நடந்த விசாரணையில், மூடாத குளத்துத் தண்ணீரைக் குழாய்க்குத் திறந்துவிட்டது வெளிப்பட்டது. வடிகட்டாத தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று 1852-லேயே சட்டம் வந்திருந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

அந்த ஆண்டு லண்டனில் காலரா கொன்றது 5,500-க்கு மேல். அதில் முக்கால்வாசியும் கிழக்குதான்.

அந்தக் கோடையில் ஆஸ்பத்திரிகள் என்ன செய்தன?

சீட்டும் விதியும் மூட்டை கட்டப்பட்டன. லண்டன் ஆஸ்பத்திரி காலரா நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டது. வாப்பிங்கிலும் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸிலும் தற்காலிகக் காலரா ஆஸ்பத்திரிகள் முளைத்தன. வாப்பிங்கில் வேலை செய்த நத்தானியேல் ஹெக்ஃபோர்டு என்ற இளம் மருத்துவரும், செவிலியாக வந்த சாரா காஃபும் அங்கேயே சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டு, 1868-ல் ராட்கிளிஃபில் ஒரு பழைய கிடங்கில் கிழக்கு லண்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார்கள். அரசியல்வாதி கிளாட்ஸ்டனின் மனைவி கேத்தரின், லண்டன் ஆஸ்பத்திரி வார்டிலிருந்து தாயை இழந்த குழந்தைகளைக் கம்பளியில் சுற்றித் தூக்கிப்போய் வளர்க்க ஏற்பாடு செய்தார்.

ஒரு தெருவே சாகும்போது மட்டும் கதவு திறக்கும், அடங்கியதும் மறுபடி சாத்திக்கொள்ளும். அந்த நூற்றாண்டில் இது பலமுறை நடந்தது.

காலராவுக்கு என்ன வைத்தியம் கொடுத்தார்கள்?

அபின், பிராந்தி, கற்பூரம், கந்தக அமிலம் கலந்த நீர், சூடான குளியல். விளக்கெண்ணெய் கொடுத்து இன்னும் போக வைக்க வேண்டும் என்று வாதாடிய பேராசிரியரும் இருந்தார். உப்புநீரை ரத்தக்குழாயில் ஏற்றலாம் என்று ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா 1832-லேயே செய்து காட்டியிருந்தார். லண்டன் ஆஸ்பத்திரியிலும் 1866-ல் சிலருக்கு ஏற்றிப் பார்த்தார்கள். சரியான வழி கையிலேயே இருந்தது, ஆனால் கொதிக்க வைக்காத நீரும் போதாத அளவும் அதைத் தோற்கடித்தன. கண்ட நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்தார்கள்.

1867 சட்டம் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது என்ன?

பெருநகர் ஏழைகள் சட்டம். ஒர்க்ஹவுஸ் நோயாளிக் கூடங்களில் கவனிப்பாரின்றி இரண்டு பேர் இறந்ததும், லான்செட் மருத்துவ இதழ் 1865-ல் அந்தக் கூடங்களைச் சுற்றிப் பார்த்து எழுதியதும் பெரிய கொதிப்பை உண்டாக்கின. அதற்குப் பிறகு லண்டன் முழுவதற்கும் பொதுவாக மெட்ரோபாலிட்டன் அசைலம்ஸ் போர்டு என்ற வாரியம் அமைந்தது. ஒவ்வொரு வட்டாரமும் தன் ஏழைகளுக்குத் தானே செலவழித்த நிலை மாறி, பணக்கார மேற்கும் ஏழைக் கிழக்கும் சேர்ந்து ஒரே பொது நிதிக்குக் கட்ட ஆரம்பித்தன. சட்டத்தின் உயிரே இதுதான் என்பேன். பாப்லரில் வரி கட்டுகிறவனே பாதி ஏழை. அவன் தலையில் காய்ச்சல் ஆஸ்பத்திரி கட்டும் செலவை வைத்தால் அது கட்டப்படவே கட்டப்படாது.

வாரியம் காய்ச்சலுக்கும் பெரியம்மைக்கும் மூன்று இடங்களைத் தேர்ந்தது: வடமேற்கில் ஹாம்ஸ்டெட், தெற்கில் ஸ்டாக்வெல், கிழக்கில் ஹோமர்டன். ஹோமர்டன் ஹாக்னிக்குள் இருக்கிறது. அங்கே காய்ச்சலுக்கு ஒன்று, பெரியம்மைக்கு ஒன்று என்று அருகருகே இரண்டு ஆஸ்பத்திரிகள் 1871-ல் திறந்தன. திறந்த கையோடு நிரம்பின.

ஏன்? 1871-ல் என்ன வந்தது?

பெரியம்மை. பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் நடந்த போர் படைகளையும் அகதிகளையும் ஐரோப்பா முழுதும் விரட்டியது. அவர்களோடு அம்மையும் நடந்தது. 1871-ல் லண்டனில் மட்டும் 7,000-க்கு மேல் இறந்தார்கள். வாரியத்தின் ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் பிழைக்கவில்லை. படுக்கை போதாமல் கூடாரம் அடித்தார்கள். கடலோடிகள் ஆஸ்பத்திரியாக இருந்து ஓய்வு பெற்றிருந்த டிரெட்நாட் கப்பலைக்கூடத் தேறி வருபவர்களுக்காகத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

தடுப்பூசி 1853-லிருந்தே குழந்தைகளுக்குக் கட்டாயம். ஆனால் கட்டாயம் காகிதத்தில் இருந்த அளவுக்குத் தெருவில் இல்லை. கிழக்கு லண்டனிலும் எதிர்ப்புச் சங்கங்கள் இருந்தன. 1898-ல் மனச்சாட்சிக் காரணம் சொல்லி விலக்குப் பெற வழி செய்தார்கள்.

பெரியம்மை ஆஸ்பத்திரி பக்கத்தில் வந்தால் ஊர் சும்மா இருந்ததா?

இல்லவே இல்லை. ஹாம்ஸ்டெடில் வசதியானவர்கள் வழக்குப் போட்டார்கள். முன்னணியில் நின்றவர் ஒரு பென்னி தபாலைக் கொண்டுவந்த ரோலண்ட் ஹில். அவர் 1879-ல் இறந்த பிறகும் வழக்கு ஓடி, 1881-ல் பிரபுக்கள் சபை வரை போய், வாரியம் தோற்றது. சட்டம் ஆஸ்பத்திரி கட்டச் சொல்கிறது என்பதற்காக அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை கொடுக்க அனுமதி இல்லை என்று தீர்ப்பு. ஹோமர்டன்காரர்களும் முணுமுணுத்தார்கள். ஆனால் ஹாம்ஸ்டெட்காரர்களைப் போல வக்கீல் வைக்க அங்கே பணம் இல்லை.

அவர்கள் பயம் முழுக்க மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அரசு மருத்துவ ஆய்வாளர் டபிள்யூ. எச். பவர் ஃபுல்ஹாம் பெரியம்மை ஆஸ்பத்திரியைச் சுற்றி வீடு வீடாகக் கணக்கெடுத்தார். ஆஸ்பத்திரிக்கு நெருங்க நெருங்க அம்மை கண்ட வீடுகள் கூடுவதைக் காட்டினார். காற்றில் பரவியதா, வந்துபோன ஆட்களால் பரவியதா என்று அதன் பிறகு பல ஆண்டு சண்டை.

அதனால்தான் கப்பலில் வைத்தார்களா?

ஆம். 1881-ல் அட்லஸ், எண்டிமியன் என்ற இரண்டு பழைய போர்க்கப்பல்களை வாரியம் கிரீனிச்சுக்கு அருகே நிறுத்தியது. 1884-ல் அவற்றை லண்டன் பாலத்திலிருந்து ஆற்றோடு 17 மைல் கீழே, டார்ட்ஃபோர்டு அருகே லாங் ரீச்சுக்குக் கொண்டுபோய், கூடவே இங்கிலீஷ் கால்வாயைக் கடக்கக் கட்டிய காஸ்டேலியா என்ற இரட்டை உடல் கப்பலையும் சேர்த்தது. பாப்லர் நோயாளி பிளாக்வாலில் இருந்த வடக்குத் துறைக்கு வண்டியில் வந்து, அங்கிருந்து ஆம்புலன்ஸ் நீராவிப் படகில் போவார். 20-ஆம் நூற்றாண்டு தொடங்கும் வரை லண்டனில் பெரியம்மை என்றால் படகுப் பயணம்தான். 1904-ல் கப்பல்களை விற்றுவிட்டார்கள்.

ஆம்புலன்ஸ் வருவதற்கு முன் எப்படி அழைத்துப் போனார்கள்?

வாடகைக் குதிரை வண்டியில். அடுத்த சவாரி அதே மெத்தையில் உட்கார்வார். 1866 சுகாதாரச் சட்டம் இதைக் குற்றமாக்கி 5 பவுண்டு வரை அபராதம் வைத்தது. ஆனால் வேறு வண்டி கொடுக்காமல் அபராதம் மட்டும் போட்டால் என்ன பயன்? 1880-களில் வாரியமே குதிரை ஆம்புலன்ஸ்கள் வாங்கியது. கிழக்கு நிலையம் ஹோமர்டன் ஆஸ்பத்திரியை ஒட்டியே இருந்தது. வண்டியோடு ஒரு செவிலியும் வருவார்.

காய்ச்சல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் ஓட்டுரிமை போய்விடுமாமே, உண்மையா?

ஆரம்பத்தில் உண்மை. வாரியம் ஏழைகள் சட்டத்தின் கீழ் இயங்கியதால், அங்கே படுத்தால் பிச்சைப் பணம் வாங்கியதற்குச் சமம். சேர வேண்டுமென்றால் வட்டார நிவாரண அதிகாரியிடம் உத்தரவு வாங்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததற்காக அப்பனுக்கு ஓட்டு போகும். கௌரவமாகப் பிழைத்த தச்சர், எழுத்தர் குடும்பங்கள் நோயை மறைத்ததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 1883-ல் சட்டம் திருத்தி அந்தக் களங்கத்தை நீக்கினார்கள். 1891-ல் லண்டன் பொதுச் சுகாதாரச் சட்டம் யாராக இருந்தாலும் இலவசம் என்றாக்கியது. சேர்க்கை எண்ணிக்கை 1880-களுக்குப் பிறகு சரசரவென்று ஏறுவதைப் பார்த்து நோய் பெருகிவிட்டது என்று எழுதுகிறவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் பார்க்க வேண்டும்.

வலுக்கட்டாயமாகக் கொண்டுபோக முடியுமா?

ஒதுங்கியிருக்க இடமில்லாத வீட்டில் நோயாளி இருந்தால் மாஜிஸ்திரேட் உத்தரவு பெற்று அகற்றலாம். ஆனால் மருத்துவ அதிகாரிகள் மிரட்டலைவிடப் பேச்சையே அதிகம் நம்பினார்கள்.

நோயை மறைக்காமல் சொல்ல வைத்தது எது?

1889 தொற்றுநோய் அறிவிப்புச் சட்டம். லண்டனுக்குக் கட்டாயம். பெரியம்மை, காலரா, டிப்தீரியா, அக்கி போன்ற எரிசிபிலஸ், ஸ்கார்லெட் காய்ச்சல், டைபஸ், டைபாய்டு, மறுகாய்ச்சல், பிரசவக் காய்ச்சல் இவற்றைக் கண்டால் மருத்துவர் வட்டாரச் சுகாதார அதிகாரிக்குச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். தனியார் நோயாளிக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ், பொது வேலையில் பார்த்தவருக்கு 1 ஷில்லிங் கூலி. அந்த இரண்டரை ஷில்லிங் பல மருத்துவர்களின் சந்தேகத்தைத் தீர்த்துவைத்திருக்கும்.

சான்றிதழ் போனதும் ஆய்வாளர் வருவார். அறையைக் கந்தகப் புகை போட்டு மூடுவார்கள். துணியைச் சூட்டில் வைத்துக் கிருமி நீக்க எடுத்துப்போவார்கள். அந்த வீட்டில் கோட்டு தைத்துக்கொண்டிருந்தால் வேலை நின்றது. வொயிட்சாப்பல் அறையில் தைத்த கோட்டு மேற்கு லண்டன் சீமானுக்கு ஸ்கார்லெட் காய்ச்சலைக் கொண்டுபோகும் என்ற பயம், தையல் கூலிகளின் பட்டினியைவிட அதிகம் பேசப்பட்டது.

உள்ளே எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? பெற்றோர் பார்க்கலாமா?

ஸ்கார்லெட் காய்ச்சல் என்றால் குறைந்தது ஆறு வாரம், பெரும்பாலும் அதற்கு மேல். தோல் உரிந்து முடிய வேண்டும். உரியும் தோலில்தான் நோய் இருக்கிறது என்று நம்பினார்கள், அது தவறு. தேறிய குழந்தைகளை வடக்கே வின்ச்மோர் ஹில்லில் 1887-ல் திறந்த ஆஸ்பத்திரிக்கு மாற்றுவார்கள். பிழைக்காது என்று பட்டியலில் ஏறிய குழந்தையை மட்டும் பெற்றோர் வந்து பார்க்கலாம், மேலங்கி போட்டு, போகும்போது கைமுகம் கழுவி. நான்கு வயதுக் குழந்தைக்கு இரண்டு மாதம் அம்மா முகம் தெரியாது. வீட்டுக்கு வந்த குழந்தை தம்பிக்கு மறுபடி நோயைக் கொடுப்பதும் நடந்தது. அதற்குத் 'திரும்பி வந்த கேஸ்' என்றே ஒரு பெயர் இருந்தது.

டிப்தீரியாவுக்கு அந்தக் காலத்திலேயே மருந்து கிடைத்ததா?

கிடைத்தது. விக்டோரியா காலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததால் உயிர் பிழைத்தார் என்று தயங்காமல் சொல்லக்கூடிய நோய் இதுதான். தொண்டை அடைப்பான் என்ற இந்த டிப்தீரியா நோயாளிகளை வாரியம் 1888-லிருந்து எடுத்தது. மூச்சு முட்டும் குழந்தையின் மூச்சுக்குழாயைக் கீறிக் குழாய் வைப்பதுதான் கடைசி வழி. 1894-ல் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 30 பேர் அளவில் இறந்தார்கள். அந்த ஆண்டு முடிவில், குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த நோய்முறிப்புச் சீரம் வந்தது. பத்தே ஆண்டில் அது நூற்றுக்கு சுமார் 10 ஆனது.

குழந்தைகளை அதிகம் கொன்றது எது? ஸ்கார்லெட் காய்ச்சலா, டிப்தீரியாவா?

1890-களை எடுத்துக்கொண்டால் இரண்டும் இல்லை. தட்டம்மை, கக்குவான் இருமல், கோடைப் பேதி. இந்த மூன்றும் 1889 சட்டப் பட்டியலிலேயே இல்லை. காய்ச்சல் ஆஸ்பத்திரியும் அப்போது இவற்றைச் சேர்க்கவில்லை. தட்டம்மையை வாரியம் பொதுவாக எடுக்கத் தொடங்கியது விக்டோரியா இறந்து பல ஆண்டு கழித்து.

காரணம் கேட்டால், எல்லாக் குழந்தைக்கும் வரும், இத்தனை பேருக்கு எங்கே படுக்கை என்பார்கள். தட்டம்மை கொன்றது பெரும்பாலும் ஒரே அறை வீட்டின் இரண்டு வயதுக் குழந்தையை. அடுத்து வந்த நிமோனியாவில். ஸ்கார்லெட் காய்ச்சல் நடுத்தர வீட்டிலும் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளையைக் கொண்டுபோகும். எது அச்சம் தந்ததோ அதற்குப் படுக்கை வந்தது. எது சகஜமோ அது வீட்டிலேயே கிடந்தது. பெத்னல் கிரீனில் ஒரு கோடையில் எத்தனை குழந்தைகள் பேதியில் போயின என்று ஆஸ்பத்திரிச் சேர்க்கைப் புத்தகத்தைப் புரட்டினால் கிடைக்காது. இடுகாட்டுப் புத்தகத்தில் கிடைக்கும்.

ஆஸ்பத்திரியால் நோய் குறைந்ததா?

டிப்தீரியா சாவு குறைந்தது, சீரத்தால். பெரியம்மையில் தனிமைப்படுத்தலும் தடுப்பூசியும் சேர்ந்து வேலை செய்தன. ஸ்கார்லெட் காய்ச்சலில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நூற்றாண்டு முடிவில் பெரும்பாலோரை ஆஸ்பத்திரிக்கு எடுத்தும் தொற்று நிற்கவில்லை. சாவு விகிதம் இறங்கியது கிருமியே சாதுவாகிப் போனதால் என்பதுதான் பலர் ஒப்புக்கொள்ளும் விளக்கம். ஆனால் ஒரே அறையில் தைத்துக்கொண்டு ஐந்து குழந்தைகளையும் பார்க்கிற தாய்க்கு, ஆறு வாரம் நல்ல பாலும் சுத்தமான படுக்கையும் பிள்ளைக்குக் கிடைத்தது சின்ன விஷயம் இல்லை.

அங்கே இந்திய நோயாளிகள் இருந்தார்களா?

இருந்தார்கள். பிரிட்டிஷ் கப்பல்களில் வேலை பார்த்த, லஸ்கர் எனப்பட்ட இந்திய மாலுமிகள் துறைமுகத்தில் வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். குளிரிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களைக் கிரீனிச்சில் நின்ற டிரெட்நாட் கப்பல் ஆஸ்பத்திரி எடுத்துக்கொண்டது. கடலோடி என்றால் எந்த நாட்டுக்காரன் என்று அது கேட்கவில்லை. தெருவில் குளிரில் செத்துக் கிடந்த லஸ்கர்களைப் பற்றிய கூச்சலுக்குப் பிறகு 1857-ல் லைம்ஹவுஸில் ஆசியர்களுக்கென்று ஒரு தங்கும் விடுதியும் திறந்தது.

சேர்க்கைப் பதிவேட்டைப் படிக்கும்போது எதில் கவனம் வேண்டும்?

முதலில் 'யார் அனுப்பியது' என்ற பத்தியைப் பாருங்கள். நிவாரண அதிகாரியா, சந்தாதாரரா, மருத்துவரா என்பதிலேயே பாதிக் கதை வந்துவிடும். அடுத்து, சேர்க்கும்போது எழுதிய நோயும் கடைசியில் எழுதிய நோயும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தவறாக டிப்தீரியா என்று அனுப்பப்பட்டு வார்டில் படுத்த பிறகு உண்மையான தொற்று கிடைத்தவர்களும் உண்டு. இன்னொன்று, லண்டன் ஆஸ்பத்திரியில் யார் இறந்தாலும் அது வொயிட்சாப்பல் இறப்பாக விழும். வட்டாரச் சுகாதார அதிகாரிகள் ஆண்டுதோறும் அதைக் கழித்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. சரிசெய்யாத எண்ணை வைத்து வொயிட்சாப்பலை ஹாம்ஸ்டெடோடு ஒப்பிடாதீர்கள்.

வாரியத்தின் ஆவணங்கள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கிரேட் ஆர்மண்ட் தெரு ஆஸ்பத்திரியின் 1852 முதல் 1914 வரையான சேர்க்கைப் பதிவேடுகளை இணையத்துக்காகத் தரவுத்தளமாக்கியிருக்கிறார்கள். தெரு, வயது, நோய் என்று தேடுவதற்கு ஏற்றபடி.

அந்தக் கட்டடங்கள் இப்போது என்ன ஆயின?

வொயிட்சாப்பலில் லண்டன் ஆஸ்பத்திரியின் பழைய கட்டடம் 2023-லிருந்து டவர் ஹாம்லெட்ஸ் நகர மன்றம். லிவர்பூல் சாலைக் காய்ச்சல் ஆஸ்பத்திரியில் இப்போது மக்கள் குடியிருக்கிறார்கள். ஹோமர்டனில் காய்ச்சல் ஆஸ்பத்திரி இருந்த மண்ணில் 1986-ல் புதிய பொது ஆஸ்பத்திரி எழுந்தது. 2020-ல் கோவிட் நோயாளிகளை ஹாக்னி ஆம்புலன்ஸ்கள் இறக்கியது அங்கேதான்.